‘வெறும் லைட்டுதானுங்க!’

“எரியலைன்னா நல்லதுதானுங்களே சார்?”

கோவையில் பழைய கார் வாங்கி விற்கும் ஒருவர் என்னிடம் கேட்ட கேள்வி இது. மச்சினனுக்காக ஆறு வருடம் ஓடிய சின்னக் கார் ஒன்றைப் பார்க்கப் போயிருந்தோம். பெயிண்ட் பளபளத்தது, சீட் கவர் புதிது, உள்ளே எலுமிச்சை ஸ்ப்ரே வாசனை. இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் திருப்பினேன். மீட்டருக்குள் பேட்டரி, ஆயில், இன்ஜின், ஏபிஎஸ் என்று விளக்குகள் வரிசையாக எரிந்தன. சீட்டில் உட்கார்ந்திருக்கும் ஆள், அவர் முன்னால் ஒரு வட்டம் என்று இருக்குமே, அந்தச் சிவப்புப் படம் மட்டும் வரவில்லை. அணைத்துவிட்டு மறுபடி திருப்பினேன். அப்போதும் அந்த இடம் இருட்டாகவே கிடந்தது. “ஏர்பேக் லைட் எரியலையே?” என்று கேட்டதற்குத்தான் அவர் அப்படிச் சொன்னார்.

அவர் என்னை ஏமாற்றப் பார்த்தார் என்று நான் நினைக்கவில்லை. எரிந்தால் கெட்டது, எரியாவிட்டால் நல்லது என்று அவர் உண்மையாகவே நம்பினார். அவர் மட்டுமா? கார் வைத்திருப்பவர்களிலும் மெக்கானிக்குகளிலும் பலர் இதே கட்சிதான். இன்ஜின் லைட் எரிந்தால் பதறுகிறோம், ஆயில் லைட் எரிந்தால் ஓரங்கட்டுகிறோம். ஏர்பேக் லைட் எரிந்தால் மட்டும், “வண்டி நல்லாத்தான ஓடுது? வெறும் லைட்டுதானுங்க” என்று மாதக்கணக்கில் ஓட்டுகிறோம். கண்ணை உறுத்த ஆரம்பித்ததும் அதை அணைக்க ஆள் தேடுகிறோம். இந்த ‘வெறும் லைட்டு’ வாதம் அடிமுதல் நுனிவரை தப்பு என்பதே என் கட்சி.

முதலில் ‘வண்டி நல்லா ஓடுது’ என்பதை எடுத்துக்கொள்வோம். ஏர்பேக்குக்கும் வண்டி ஓடுவதற்கும் சம்பந்தமே கிடையாது. வண்டி திடீரென்று ஓடாமல் போகும் அந்த ஒரு கணத்துக்காகத்தான் அது இருக்கிறது. வீட்டில் தீ பிடிக்காதவரை தீயணைப்பான் காலியாக இருப்பது யாருக்கும் தெரியாது. ஏர்பேக் வேலை செய்கிறதா என்று ஓட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ள வழியே இல்லை. அதனால்தான் கார் தயாரித்தவர்கள் அந்த வேலையை ஏர்பேக் மாட்யூல் என்ற சின்னக் கணினியிடம் கொடுத்திருக்கிறார்கள். சாவியைத் திருப்பியதும் அது ஒவ்வொரு ஏர்பேக் சர்க்யூட்டையும், சென்சாரையும், பெல்ட் இழுவானையும் சோதிக்கிறது. விளக்கைச் சுமார் ஆறு விநாடி எரியவிட்டு, எல்லாம் சரி என்றால் அணைக்கிறது. ஓடும்போதும் சோதனை நிற்பதில்லை. விளக்கு அணையாமல் நின்றால், அல்லது நடுவழியில் எரிந்தால், ‘என்னால் உத்தரவாதம் தர முடியாது’ என்று மாட்யூல் சொல்கிறது என்று அர்த்தம். பல கார்களில் அது சொல்வதோடு நிற்காது. பழுது இருக்கும்போது தப்பான நேரத்தில் பை வெடித்துவிடக் கூடாது என்று அமைப்பின் ஒரு பகுதியையோ முழுவதையுமோ செயலிழக்கச் செய்துவிடும். பழுது ஓட்டுநர் பக்கச் சீட்டுக்கடியில் இருக்கும். விலை கொடுப்பது பக்கத்துச் சீட்டில் இருக்கும் மனைவியாக இருக்கலாம்.

‘அடிபட்டா எப்படியும் திறந்துக்கும்’ என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். மோதலை உணர்ந்து முடிவெடுக்க மாட்யூலுக்கு 15 முதல் 20 மில்லி செகண்ட். பை விரிய இன்னொரு 30. ஆக மொத்தம் ஒரு விநாடியில் இருபதில் ஒரு பங்கு. கண் ஒருமுறை இமைத்துத் திறப்பதற்குள் கதை முடிந்துவிடும். இந்த நேரக் கணக்கில் ‘எப்படியும்’ என்பதற்கு இடம் எங்கே இருக்கிறது?

இன்னொரு சாட்சி தயாரிப்பாளரிடமிருந்தே வருகிறது. 2023 ஜனவரியில் மாருதி சுசுகி 17,362 கார்களைத் திரும்ப அழைத்தது. காரணம், ஏர்பேக் கண்ட்ரோலரில், அதாவது இதே மாட்யூலில், பழுது இருக்கலாம் என்ற சந்தேகம். அந்தக் கார்களும் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தன. ஆனாலும் அந்தப் பாகத்தை மாற்றும்வரை வண்டியை ஓட்ட வேண்டாம் என்று நிறுவனம் வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொண்டது. வண்டியைச் செய்தவர்களே வெறும் சந்தேகத்துக்கு ‘ஓட்டாதீர்கள்’ என்கிறார்கள்; விளக்கு வெட்ட வெளிச்சமாக எரியும்போது நாம் ‘ஓட்டலாம்’ என்கிறோம்.

அடுத்த வாதம் பெரியவர்கள் வாயில் வருவது. “நாங்க அம்பாசடர்ல முப்பது வருஷம் ஓட்டினோம். அதுல ஏர்பேக்கா இருந்துச்சு?” இல்லைதான். அம்பாசடர் காலத்தில் நெடுஞ்சாலையில் எத்தனை கிலோமீட்டர் வேகத்தில் போனோம், எதிரே எத்தனை வண்டி வந்தது என்பதையும் சேர்த்து நினைத்துப் பார்க்க வேண்டும். போகட்டும், அதைவிட வலுவான பதில் ஒன்று இருக்கிறது. இன்றைய கார் ஏர்பேக் இல்லாத காரோடு ஒரு பையைக் கூடுதலாக ஒட்டியது அல்ல. பல கார்களின் முன்சீட் பெல்ட்டில் இரண்டு ஏற்பாடுகள் உண்டு. மோதிய கணத்தில் சின்ன வெடிமருந்து ஒன்று பெல்ட்டை வெடுக்கென்று உள்ளே இழுக்கும். அதன்பின், நெஞ்செலும்பு நொறுங்காமல் இருக்க, பெல்ட்டே கொஞ்சம் இளகிக் கொடுக்கும். இளகும்போது முன்னே வரும் தலையைத் தாங்க அங்கே பை விரிந்திருக்கும் என்பது கணக்கு. ‘எனக்கு பெல்ட் போதும்’ என்பவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பெல்ட்டை இழுக்க உத்தரவு கொடுப்பதும் அதே ஏர்பேக் மாட்யூல்தான். அது உறங்கினால் பெல்ட்டும் தன் முழு வேலையைச் செய்யாது. பெல்ட் முதல் காவல், ஏர்பேக் அதற்குத் துணை என்பதில் எனக்குச் சண்டையில்லை. 2022-ல் இந்தியாவில் பெல்ட் போடாமல் இறந்தவர்கள் மட்டும் 16,715 பேர் என்பது மத்திய அரசின் கணக்கு. ஆனால் துணைக் காவலனை வெளியே தள்ளிக் கதவைச் சாத்த இது காரணமாகாது.

‘ஏர்பேக்கே ஆளைக் கொல்லுதாமே’ என்பது படித்தவர்கள் எடுக்கும் ஆயுதம். ஏர்பேக் செய்த டகாடா நிறுவனத்தின் கதையைச் சொல்வார்கள். கதை உண்மை. அம்மோனியம் நைட்ரேட் மருந்து ஈரத்திலும் வெக்கையிலும் கெட்டு, பையை ஊதும் இன்ஃப்ளேட்டரின் உலோகக் கூடு சிதறிப் பலர் இறந்தார்கள். உலகம் முழுக்கக் கோடிக்கணக்கான இன்ஃப்ளேட்டர்கள் திரும்பப் பெறப்பட்டன. 2017-ல் அந்த நிறுவனம் திவாலானது. ஆனால் அதிலிருந்து கற்க வேண்டிய பாடம், உங்கள் காருக்கு அப்படித் திரும்ப அழைப்பு இருக்கிறதா என்று சேசிஸ் எண்ணைக் கொடுத்துப் பார்த்து, இருந்தால் இலவசமாக மாற்றிக்கொள்வது. பழுதான விளக்கோடு ஓட்டுவது அல்ல. அமெரிக்காவில் 1987 முதல் 2017 வரை முன்பக்க ஏர்பேக்குகள் 50,457 உயிர்களைக் காப்பாற்றியதாக அந்நாட்டு நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறை கணக்கிட்டிருக்கிறது. ஒரு மருந்து சிலருக்கு ஒவ்வாமை தந்தது என்று மருந்துக்கடையையே மூடுவோமா?

இனி, விளக்கை ‘சரிசெய்யும்’ வித்தைகளுக்கு வருகிறேன். என் கோபமெல்லாம் இங்கேதான்.

முதல் வித்தை, ஸ்கேனர் போட்டு, மாட்யூல் பதிந்துவைத்த பழுதுக் குறியீட்டை, அதாவது ‘கோடை’, அழிப்பது. பழுது அங்கேயே இருந்தால் அடுத்த முறை சாவியைத் திருப்பும்போதோ ஒரு மேடுபள்ளத்திலோ விளக்கு திரும்ப வரும். அதற்குள் காசு கைமாறியிருக்கும். இரண்டாவது, மீட்டரைக் கழற்றி விளக்கை மறைப்பது. மூன்றாவது இன்னும் கெட்டிக்காரத்தனமானது: ஏர்பேக் விளக்கின் வயரை பேட்டரி விளக்கோடு சேர்த்துவிடுவது. அப்போது அது சாவி திருப்பினால் எரியும், இன்ஜின் ஸ்டார்ட் ஆனால் அணையும். வாங்குபவர் திருப்தியாகத் தலையாட்டுவார். நான்காவதுதான் கொடுமை. ஏர்பேக்கின் உள்ளே இருக்கும் பற்றவைப்பானின் மின்தடை சுமார் இரண்டு ஓம். விபத்தில் வெடித்துப்போன பைக்குப் பதிலாக அந்த இடத்தில் இரண்டு ஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் செருகி, மாட்யூலில் பதிவான மோதல் கோடையும் அழித்துவிட்டால் மாட்யூல் ஏமாந்துபோகும். பை இருப்பதாகவே நினைத்து விளக்கை அணைத்துவிடும். ஸ்டியரிங் மூடியை ஒட்டிப் பெயிண்ட் அடித்தால் வேலை முடிந்தது. சில ரூபாய் ரெசிஸ்டர், உள்ளே வெறும் காற்று. அந்த வண்டியை வாங்கும் குடும்பத்துக்கு விளக்கும் துணையில்லை, பையும் துணையில்லை.

எரிகிற விளக்கோடு ஓட்டுபவர் தன் ஆபத்தைத் தெரிந்தே ஓட்டுகிறார். அணைத்த விளக்கோடு ஓட்டுபவருக்கு அதுவும் தெரியாது. அதனால்தான் எரியாத விளக்கு நல்லது என்ற அந்த வியாபாரியின் வாதத்தை என்னால் சிரித்துக் கடந்துபோக முடியவில்லை.

அன்றைக்கு அவரிடம் அனுமதி வாங்கி வண்டியைத் தெரிந்த ஆட்டோ எலெக்ட்ரீசியனிடம் கொண்டுபோனோம். அவர் ஸ்கேனரைச் செருகி நேராக ஏர்பேக் மாட்யூலுக்குள் போனார். ஆன்லைனில் கிடைக்கும் மலிவு ஸ்கேனர்களில் பெரும்பாலானவை இன்ஜின் கோடுகளை மட்டுமே படிக்கும். ஆங்கில ‘B’ எழுத்தில் தொடங்கும் ஏர்பேக் கோடுகளை அவை பார்ப்பதே இல்லை. ‘ஸ்கேன் பண்ணியாச்சு, கோடே இல்லை’ என்று யாராவது சொன்னால், எந்த மாட்யூலை ஸ்கேன் செய்தீர்கள் என்று கேளுங்கள். இவருடைய திரையில் ஓட்டுநர் பக்கச் சர்க்யூட் அறுந்திருப்பதாகக் கோடு வந்தது. உடனே ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டே ஹார்னை அழுத்தினார். ஒரு பக்கம் திருப்பினால் அடித்தது, மறுபக்கம் திருப்பினால் ஊமை. “ஸ்பைரல் கேபிளுங்க சார்” என்றார்.

ஸ்டியரிங்குக்கு அடியில் கடிகார வில்போலச் சுருண்டிருக்கும் தட்டை கேபிள் அது. ஸ்டியரிங் சுழலச் சுழல அதுவும் சுருண்டு விரியும். ஹார்ன், ஸ்டியரிங்கிலுள்ள பட்டன்கள், ஓட்டுநர் ஏர்பேக் எல்லாவற்றுக்கும் மின்சாரம் அதன் வழியாகத்தான் போகிறது. வருடக்கணக்கில் திருப்பித் திருப்பி ஒரு நாள் அறும். சக்கரத்தை நேராக வைக்காமல் ஸ்டியரிங்கைக் கழற்றி மாட்டினாலும் அறும். வேலையை ஆரம்பிக்கும்முன் அவர் பேட்டரி வயரைக் கழற்றினார். “வாங்க சார், டீ குடிச்சுட்டு வரலாம்” என்றார். அது உபசாரம் என்று நினைத்தேன். வேலையில் அதுவும் ஒரு படி. மோதலில் பேட்டரி அறுந்துபோனாலும் பை விரிய வேண்டுமென்று மாட்யூலுக்குள் கொஞ்சம் மின்சாரம் சேமித்து வைத்திருப்பார்கள். அது வடிய ஒன்றரை நிமிடம், சில வண்டிகளில் அதற்கு மேலும் ஆகும். அதற்குமுன் ஏர்பேக் வயரை இணைக்கும் மஞ்சள் கப்ளரில் கைவைத்தால் பை முகத்தில் வெடிக்கக்கூடும்.

மீட்டரையும் திறந்தார். முகத்தட்டுக்குப் பின்னால், அந்தச் சிவப்புப் படம் வரவேண்டிய இடத்தில், நக அளவுக்கு ஒரு கறுப்பு டேப். யாரோ டேஷ்போர்டைப் பிரித்து, மீட்டரைக் கழற்றி, பொறுமையாக அளவெடுத்து ஒட்டியிருக்கிறார்கள். அந்த உழைப்பை ஸ்டியரிங் பக்கம் காட்டியிருந்தால் பழுதே தீர்ந்திருக்கும். சரிசெய்ய ஆகும் பாட்டை மறைக்கப் படுவது நம் ஊருக்கே உரிய கெட்டிக்காரத்தனம்.

இங்கே எதிர்க்கட்சியின் கடைசி வாதத்துக்குப் பதில் இருக்கிறது: ‘சரிபண்ணப் போனா தலையில மிளகாய் அரைச்சுடுவாங்க.’ இதில் நியாயம் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். கோடு என்ன சொல்கிறது என்று பார்க்காமலே ‘முழு மாட்யூலையும் மாத்தணும்’ என்று பெரிய தொகை சொல்லும் இடங்களும் இருக்கின்றன. ஆனால் விளக்கு எரிய வழக்கமான காரணங்கள் எங்கே ஒளிந்திருக்கும் என்று தெரிந்தால் அந்தப் பயம் பாதியாகிவிடும். சீட் கவர் போட சீட்டைத் தூக்கியபோது அடியிலுள்ள மஞ்சள் கப்ளர் தளர்ந்திருக்கலாம். சீட்டுக்கடியில் உருட்டிவிட்ட தண்ணீர் பாட்டில் அந்த வயரை இழுத்திருக்கலாம். பெல்ட் பக்கிளுக்குள் குழந்தை கொட்டிய ஜூஸ் காய்ந்திருக்கலாம். பேட்டரி செத்துத் தள்ளி ஸ்டார்ட் செய்த அன்று மின்னழுத்தம் குறைந்து ஒரு கோடு பதிவாகியிருக்கலாம்; பழுது இப்போது இல்லை என்று ஸ்கேனர் காட்டினால் அதை மட்டும் தாராளமாக அழிக்கலாம். இவற்றில் பலவற்றுக்குப் பாகமே தேவையில்லை, கூலி மட்டும்தான்.

செலவு வைக்கும் பழுதுகளும் உண்டு. மாட்யூல் பெரும்பாலும் கியர் கம்பிக்கு அருகே, தரையை ஒட்டி இருக்கும். 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையில் முழங்கால் தண்ணீரில் நின்ற கார்களில் அது நனைந்திருக்க வாய்ப்பு அதிகம். அப்படிப்பட்ட வண்டிகள் கழுவித் துடைத்துக் கைமாறுவது தொழிலில் இருப்பவர்களுக்குப் புதிதல்ல. ஈரம் ஏறிய மாட்யூலை மாற்றத்தான் வேண்டும். வெடித்த பைக்கும் புதுப் பைதான் மாற்று. சென்னை புதுப்பேட்டையின் பழைய பாகக் கடைகளில் கதவு வாங்குங்கள், கண்ணாடி வாங்குங்கள். எந்த வண்டியிலிருந்து, எந்த நிலையில் வந்தது என்று தெரியாத ஏர்பேக்கை வாங்காதீர்கள்.

ஆகவே பணிமனையில் பேரம் பேசுவதற்குமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள். என்ன கோடு வந்தது? அது இப்போது இருக்கும் பழுதா, எப்போதோ பதிவானதா? ஏர்பேக்கா, வயரா, மாட்யூலா என்று எப்படிப் பிரித்துப் பார்த்தீர்கள்? தொழில் தெரிந்தவர் பையைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் அதே இரண்டு ஓம் ரெசிஸ்டரைத் தற்காலிகமாக வைத்துப் பார்ப்பார். கோடு போய்விட்டால் குற்றம் பையில். போகாவிட்டால் வயரிலோ மாட்யூலிலோ. திருடன் கையில் மோசடியாகும் அதே ரெசிஸ்டர் தொழில்காரர் கையில் ஸ்டெதஸ்கோப். அவர் ஏர்பேக்கின் மேல் சாதாரண மல்டிமீட்டரை வைக்கவே மாட்டார். அந்தச் சின்ன மின்சாரமே பற்றவைத்துவிடக்கூடும். மாற்றிய பழைய பாகத்தைக் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். வீட்டில் நீங்களே செய்யக்கூடியது சீட்டுக்கடியில் டார்ச் அடித்துப் பார்ப்பது வரைதான். மஞ்சள் வயரைத் தொடுவது உங்கள் வேலையல்ல.

தனிமனிதர்களை மட்டும் குறை சொல்லி முடிக்கவும் மனமில்லை. எல்லாக் கார்களிலும் ஆறு ஏர்பேக் கட்டாயமாக்கலாமா என்று 2022-ல் நாடே விவாதித்தது. அடுத்த ஆண்டு, கட்டாயமில்லை என்று அரசு சொல்லிவிட்டது. இருக்கும் இரண்டு வேலை செய்கின்றனவா என்று அந்த விவாதத்தில் யார் கேட்டார்கள்? ஓட்டுநர் ஏர்பேக் 2019 ஜூலை 1 முதலும், பக்கத்துச் சீட்டுக்கு 2021 முதலும் கட்டாயம். அப்படி வந்த கார்கள்தான் இப்போது பழசாகிக் கைமாறத் தொடங்கியிருக்கின்றன. அறுந்த ஸ்பைரல் கேபிள்களும் ஒட்டிய கறுப்பு டேப்புகளும் இனிமேல்தான் பெருகும். இங்கிலாந்தில் ஆண்டுச் சோதனைக்கு வரும் காரில் ஏர்பேக் விளக்கு பழுது காட்டினால் சான்றிதழ் கிடையாது. பெல்ட் போடாமலே எச்சரிக்கை மணியை ஊமையாக்கும் கிளிப்புகளை 2023-ல் நம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஆன்லைன் கடைகளிலிருந்து எடுக்கச் சொன்னது; 13,000-க்கும் மேற்பட்ட விற்பனைப் பக்கங்கள் நீக்கப்பட்டன. மணியை ஊமையாக்குவது குற்றம் என்றால் விளக்கைக் குருடாக்குவதும் குற்றம்தான். பழைய கார் கைமாறும்போது ஏர்பேக் மாட்யூலின் ஸ்கேன் அறிக்கையும் ஆர்.சி. புத்தகத்தோடு கைமாற வேண்டும் என்று விதி வரட்டும்.

மச்சினனுக்கு அந்தக் காரையே வாங்கினோம். ஸ்பைரல் கேபிளை மாற்றி, டேப்பை உரித்து, செலவை விலையில் கழித்துக்கொண்டோம். வியாபாரி கடைசிவரை முகம் சுளித்தபடியே இருந்தார். “நல்லாருந்த வண்டியில லைட்டு எரிய வச்சுட்டீங்களே சார்” என்றார்.

அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். நாளைக் காலை இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்முன் சாவியை மட்டும் திருப்பி, ஆறு வரை எண்ணுங்கள். அந்தச் சிவப்புப் படம் வந்து, இன்ஜின் ஓடாமலே தானாக அணைய வேண்டும். அணையவில்லை என்றால் பணிமனைக்குப் போங்கள். வரவே இல்லை என்றால் அன்றைக்கே போங்கள்.